இன்னொரு காலையும் காட்டுங்கள்

ஓய்வு பெற்ற பிறகு என் கைபேசிக்குக் கால்களாக வந்து குவிகின்றன. விடிந்தால் ஒரு கால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கால். சொந்தக்காரர்கள், பழைய நோயாளிகள், அவர்களுடைய சம்பந்தி வீட்டார் என்று யார் யாரோ கணுக்காலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "வீங்கியிருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். முகம் தெரியாது, வயது தெரியாது. மெத்தை மேல் ஒற்றைக் கால் மட்டும் அநாதையாகக் கிடக்கும். எல்லோருக்கும் ஒரே பதில்தான் போடுவேன்: "இன்னொரு காலையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள்." பாதிப் பேர் அதற்குப் பிறகு பதில் போடுவதில்லை. வைத்தியம் கேட்டால் வேலை வைக்கிறாளே என்று நினைப்பார்கள் போலும்.

போன மாதம் என்னுடன் வேலை பார்த்த இரண்டு நர்ஸுகள் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, கால் வீக்கத்துக்கு நீங்க கேக்குறதையெல்லாம் எழுதிக் குடுத்தீகன்னா நாங்க ஓ.பி. சுவத்துல ஒட்டிருவோம்" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். ஆறு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஆறு வரி எனக்கே ஒருநாள் மறந்து போனது. அதைச் சுவரில் ஒட்ட முடியாது. எனவே தனியாக இதை எழுதுகிறேன்.

என் பெயர் காளீஸ்வரி. மதுரையில் மூன்று வருடம் நர்ஸிங் படித்தேன். படித்ததில் பாதி, முதல் வருட வேலையிலேயே உதிர்ந்துவிட்டது. அதன் பிறகு அரசு ஆஸ்பத்திரி வேலைதான், முப்பத்தொரு வருடம். அதில் பெரும்பகுதி காரைக்குடியைச் சுற்றியே கழிந்தது. கால் விஷயத்தில் எனக்கு என்ன தெரியுமோ அதெல்லாம் டாக்டர் சண்முகவேலிடம் கற்றதுதான். பத்து வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கீழே என்று எழுதுவதுகூடப் பொருந்தாது. நோயாளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், டாக்டர் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காலடியில் உட்காருவார். மடியில் ஒரு துண்டை விரித்து இரண்டு பாதங்களையும் எடுத்து அதன் மேல் வைத்துக்கொள்வார். வயசாளிகள் பதறிப்போவார்கள்.

"ஐயா, நீங்க போயி என் காலைத் தொடுறதா?" என்று இழுத்துக்கொள்வார்கள்.

"நீங்க உங்க காலை உங்க வீட்டுக்குக் கொண்டு போயிட்டா நான் எதைப் பாக்குறது?" என்பார் அவர். சிரிக்கவே மாட்டார்.

பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்துவார். உதடு அசையாமல் பத்து வரை எண்ணுவார். விரலை எடுத்தால் குழி விழுகிறதா, எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்று பார்ப்பார். அதே இடத்தில் மற்ற காலிலும் அழுத்துவார். ஒரு காலில் குழி விழாவிட்டாலும் மற்றதை விடமாட்டார். அவசரமாக வந்தவர்கள் நெளிவார்கள், வெளியே வரிசை நீளும், மருந்தாளுநர் எட்டிப் பார்ப்பார். அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருப்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு சீட்டில் "கால் வீக்கம்" என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது ஊர்ப் பேரு. தெரு எங்கம்மா?"

எனக்குப் புரியவில்லை. கோபம்கூட வந்தது, வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், இவர் விடுகதை போடுகிறார் என்று.

"ஒரு காலா ரெண்டு காலா? எத்தனை நாளா? காலையில எந்திரிக்கும்போது வத்துதா? படுத்தா மூச்சு முட்டுதா, எத்தனை தலகாணி வைக்கிறாக? மூத்திரம் நுரைக்குதா? என்ன மாத்திரை சாப்பிடுறாக? இதைக் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

நான் சுவருக்கு எழுதிக் கொடுத்த ஆறு வரி இவைதான். அவர் கேட்ட ஆறு கேள்விகள்.

நாட்டரசன்கோட்டையில் இருந்து ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் வந்தார். இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வாரை பிளேடால் வெட்டி விட்டிருந்தார். பை நிறைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எல்லாம் சரியாகவே இருந்தன. உப்பை அறவே விட்டு, பார்லித் தண்ணீர் குடித்து, ஆள் பாதியாகியிருந்தார். எனக்கு இனி நாள் கணக்குதான் என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டாராம். ஆறாவது கேள்வியைக் கேட்டதும், "பிரஷர் மாத்திரை ஒண்ணுதான், அது சும்மா, ரெண்டு மாசமாப் போடுறேன்" என்றார். வீக்கம் எவ்வளவு நாளாக என்றோம். அதுவும் இரண்டு மாதம்தான். சில பிரஷர் மாத்திரைகளுக்குக் கணுக்காலை வீங்க வைக்கும் குணம் உண்டு. டாக்டர் இதயத்தையும் சிறுநீரையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மாத்திரையை மாற்றினார். "நீங்களா நிறுத்திப்புடாதீக, பிரஷர் ஏறிக்கிரும், இங்குட்டு வந்துதான் மாத்தணும்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து வாத்தியார் புதுச் செருப்போடு வந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்பதில் அவருக்குச் சந்தோஷம், இரண்டு மாதம் உப்பில்லாமல் தின்றதில் எங்கள் மேல் வருத்தம்.

எல்லா வீக்கமும் அப்படி நல்லபடியாக முடிவதில்லை. கண்டரமாணிக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன், விருந்தாளியாக. எட்டாம் மாதம். பெண்ணின் கையில் வளையல் ஏறவில்லை. "நீர் கோத்திருக்கு, எல்லாருக்கும் இருக்குறதுதானே" என்று சொல்லி ஒரு அம்மா சோப்பைக் குழைத்துப் போட்டு வளையலைத் தள்ளிக்கொண்டிருந்தார். கர்ப்பிணிகளுக்குச் சாயங்காலம் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு முகமும் சேர்ந்து உப்பியிருந்தது. தலை வலிக்குதா என்று காதோடு கேட்டேன். "ரெண்டு நாளா வலிக்கு, கண்ணுல பூச்சி பறக்குது" என்றாள். வளையலை அப்படியே விட்டுவிட்டு காரில் ஏற்றிக்கொண்டு போனோம். பிரஷர் கண்டபடி ஏறியிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். என்னைத்தான் அந்த வீட்டார் ஆறு மாதம் பேசினார்கள், நல்ல காரியத்தில் பாதியில் எழுப்பிவிட்டாள் என்று. பேசிக்கொள்ளட்டும், குழந்தை கொழுக்கு மொழுக்கென்று இருந்தது.

இப்படி இரண்டு மூன்று நடந்ததில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றே சொல்லவேண்டும். புதிதாக வரும் நர்ஸுகளின் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "தெரு எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தேன். டாக்டர் சண்முகவேல் ஓய்வு பெற்று மதுரைக்குப் போய்விட்டார். அவருடைய முக்காலியில் மனதுக்குள் நானே உட்கார்ந்துகொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்காகச் சிங்கம்புணரிக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் ஒரு மருத்துவப் பந்தல் போட்டார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள். காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் எங்களைக் கடப்பது நடையின் இரண்டாம் நாள். அன்று எல்லோர் காலும் வீங்கித்தான் இருக்கும். கொப்புளம், வெடிப்பு, முள், சுளுக்கு. நான் மருந்து வைத்துக் கட்டுவேன். உதவிக்கு வந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருப்பார்கள், வேப்பெண்ணெயைச் சுடவைத்துக் காலை நீவி விடுவார்கள். வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கிற காலை மட்டும் நீட்டுவார்கள். அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தது. காலையில் இருந்து ஆறு கேள்வியில் ஒன்றுகூட நான் கேட்கவில்லை. நடந்தால் வீங்காதா என்ன?

மத்தியானம் மூன்று மணி இருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வள்ளி என்று பெயர். கூடவே அவள் அண்ணன் சொக்கலிங்கம், தோளில் இரண்டு பேருடைய பையும். செட்டியார் வீட்டுப் பெண், அமெரிக்காவில் குடும்பம். எங்கள் ஊர் வழக்கப்படி சின்ன வயதானாலும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டேன்.

"எங்க வலிக்குது ஆச்சி?"

"கெண்டைக்கால்ல, சிஸ்டர். சதை புடிச்சுக்கிச்சு" என்று இடது காலை நீட்டினாள்.

வீங்கித்தான் இருந்தது. அன்று நான் பார்த்த நூறாவது வீக்கமோ என்னவோ. எண்ணெய் போடும் பெண்ணைப் பார்த்து, "நல்லா நீவி விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவருடைய கொப்புளத்துக்குத் திரும்பினேன். இரண்டு நிமிடம் போல அந்தக் கால் நீவப்பட்டது, நான் சொல்லி.

வள்ளி எழுந்து, போய்ட்டு வாரேன் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். நாலு அடி வைத்திருப்பாள். சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்ததால் கால்கள் தெரிந்தன. வலது காலில் மெல்லிய வெள்ளிக் கொலுசு கிடந்தது. இடது கால் வெறுமையாக இருந்தது.

"ஆச்சி, இன்னொரு கொலுசு எங்கே? விழுந்துருச்சா?" என்று கேட்டேன். தொலைந்த பொருளைத் தேட வேண்டுமே என்றுதான் கேட்டேன், சத்தியமாக வேறு யோசனை இல்லை.

"விழலை சிஸ்டர். காலையில இறுக்குச்சு, கழட்டிப் பையில போட்டுட்டேன்."

"வலது காலுல?"

"அது இறுக்கலை."

இரண்டு காலும் ஒரே ரோட்டில், ஒரே தூரம்தானே நடந்து வந்திருக்கின்றன.

"உக்காருங்க. இன்னொரு காலையும் காட்டுங்க" என்றேன். எண்ணெய்க் கையோடு வந்த பெண்ணிடம், "இனி அந்தக் காலைத் தொடாதீக" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலும், அவள் முகம் சுண்டிப்போயிற்று.

என் பையில் எப்போதும் தையல்காரர் டேப் ஒன்று இருக்கும், டாக்டர் சண்முகவேல் பழக்கிய பழக்கம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்து பத்து சென்டிமீட்டர் இறக்கி, பேனாவால் இரண்டு காலிலும் புள்ளி வைத்தேன். டேப்பைச் சுற்றினேன். இடது கால் நான்கு சென்டிமீட்டர் கூடுதல். நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே நான்கு. இடது கெண்டைக்கால் புறங்கையில் சுட்டது. பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பி வந்தன.

எப்போது இருந்து? நேற்று நடக்கத் தொடங்கும்போதே லேசாகப் பிடித்ததாம். விமானத்தில் இருந்து எப்போது இறங்கினாள்? முந்தாநாள். இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து, சென்னையில் இருந்து காரைக்குடிக்குக் காரில் உட்கார்ந்து, மறுநாள் காலையில் நடை. மூச்சு?

"மேடு ஏறுனா வாங்குது. வெயிலுதானேன்னு விட்டுட்டேன்."

விரலில் மாட்டும் கருவியை வைத்தேன். பிராணவாயு தொண்ணூற்று மூன்று. நாடி நூற்றுப் பதினெட்டு. உட்கார்ந்து இளைப்பாறிய ஆளுக்கு இது அதிகம்.

ஆறாவது கேள்வி பாக்கி. "என்ன மாத்திரை சாப்பிடுறீக?"

"ஒண்ணும் இல்லை."

அண்ணனைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்டேன். "தள்ளிப்போடுற மாத்திரை?"

தலையைக் குனிந்துகொண்டாள். "பத்து நாளாப் போடுறேன். கோயிலுக்குப் போற தேதியில வந்துருமே சிஸ்டர். இம்புட்டுத் தூரம் பறந்து வந்து பந்தலோட நின்னுக்கிட முடியுமா?"

மாதவிலக்கைத் தள்ளிப்போட எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத பெண் குறைவு. திருவிழா, கல்யாணம், பாதயாத்திரை எது வந்தாலும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள், மிட்டாய் வாங்குவது போல. நானும் போட்டிருக்கிறேன். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ரத்தத்தைக் கட்ட வைக்கும் குணம் அதற்கும் கொஞ்சம் உண்டு. நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்த காலோடு அது சேர்ந்தால், காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குக் கிளம்பிவிடலாம். இந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே கிளம்பியிருக்கிறது என்று மூச்சு சொல்லியது. நீவினால் கட்டி பெயர்ந்துவிடும், நான் அதை நீவி விட வேறு சொல்லியிருக்கிறேன்.

108க்குப் போன் போட்டேன். அடுத்த பந்தலில் இருந்த டாக்டரிடமும் சொன்னேன். ஆக்ஸிஜன் வையுங்கள், அசைய விடாதீர்கள், நேராக மதுரைக்கு அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. வள்ளி ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

"எம்மகன் மூணு வாரம் கண்ணு முழிக்காமக் கெடந்தான் சிஸ்டர். ஒன்பது வயசு. அவன் எந்திரிச்சா நடந்தே வாரேன்னு வேண்டுனேன். எந்திரிச்சுட்டான். இப்ப நான் பாதியில வண்டி ஏறினா அவனுக்கு ஏதும் ஆச்சுன்னா?"

அண்ணன் கெஞ்சினார், அதட்டினார். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழ அழ மூச்சு இன்னும் இரைத்தது. கருவியில் எண் தொண்ணூற்று ஒன்றுக்கு இறங்கியது. ரத்தக்கட்டி, நுரையீரல் என்று நான் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை. அவள் பயம் தன் உயிரைப் பற்றியது அல்ல. அவளோடு அவள் பாஷையில்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. அதனால் ஒரு பொய் சொன்னேன்.

"ஆச்சி, உங்களுக்கு வழக்கம் தெரியாதா? நடை நின்ன இடத்துல ஒரு அடையாளம் வச்சுட்டு வண்டி ஏறலாம். அடுத்த வருசம் அந்த அடையாளத்துல இருந்து தொடங்கினா நடை முறியாது. எங்க தெருவுல எத்தனையோ பேரு அப்படித்தான் முடிச்சிருக்காக."

எங்கள் தெருவில் அப்படி யாரும் முடித்ததில்லை.

அவள் அண்ணனைப் பார்த்தாள். சொக்கலிங்கம் கெட்டிக்கார மனிதர், கண் சிமிட்டாமல், "ஆமா, நம்ம பெரியப்பச்சி அப்படித்தான் செஞ்சாக" என்றார். பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. வள்ளி பையில் இருந்த ஒற்றைக் கொலுசை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கல்லுல வச்சா யாராவது எடுத்துக்கிருவாக. அடையாளத்துக்கு நீங்க வச்சிருங்க" என்றாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தாள். கதவை மூடும்போது ஒரு முறை அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடித்தாலே ஓடிப் போய் எடுப்பேன். மூன்றாம் நாள் சொக்கலிங்கம் கூப்பிட்டார். காலிலும் கட்டி, நுரையீரலிலும் சின்னதாக ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, இப்போது மூச்சு சீராகிவிட்டது. "ஆபத்து தாண்டிருச்சுன்னு சொல்லிட்டாக சிஸ்டர். இன்னைக்கு இட்லி சாப்புட்டா." நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு எழுந்து, ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றி வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

டாக்டர் சண்முகவேலுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நீவச் சொன்னது உட்பட. அவர் பேசுவதற்கு முன் பத்து வரை எண்ணுகிறாரோ என்று நினைத்தேன்.

"முதல்ல கேக்காம விட்டீக. அப்புறம் கேட்டீக. எழுதுனா ரெண்டையும் எழுதுங்கம்மா" என்றார். எழுதிவிட்டேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு வள்ளி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. மருந்தெல்லாம் ஆறு மாதத்தில் முடிந்ததாகச் செய்தி வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் கொலுசைப் பேப்பரில் மடித்துப் பந்தலுக்கு எடுத்துப் போனேன். காலையில் ஒரு பெரியவர் கொப்புளத்துக்குக் கட்டுப் போட வந்தார், முட்டியும் வீங்கியிருந்தது. முட்டி இனி தாங்காது, வண்டியில் போங்கள் என்றேன். "போகலாம்தான். நின்ன இடத்துல அடையாளம் வச்சுட்டா அடுத்த வருசம் தொடரலாமாமே? பழைய வழக்கம்னு சொன்னாக" என்றார். எத்தனை காலத்துப் பழைய வழக்கம் என்று எனக்குத்தான் தெரியும். ஆமாம் பெரியவரே என்று சொல்லி அவரையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு கார் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சொக்கலிங்கம் இறங்கினார், பின்னால் வள்ளி. அமெரிக்காவில் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். விமானம் ஏறுமுன் ஊசி, காலுக்கு இறுக்கமான காலுறை, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடை. ஒரு வாரம் முன்னதாகவே வந்து ஓய்வெடுத்திருக்கிறாள்.

நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "மாத்திரை போடலை சிஸ்டர். தேதி வந்தா வந்துட்டுப் போகட்டும். பழனியில இருக்குறவரைப் பெத்ததும் ஒரு அம்மாதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. பேப்பரைப் பிரித்துக் கொலுசைக் கொடுத்தேன். உடனே போட்டுக்கொள்வாள் என்று பார்த்தேன். போடவில்லை. கொலுசைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், காலுறைகளைக் கழற்றினாள், நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டினாள்.

நான் கீழே உட்கார்ந்தேன். முதலில் இடது கால், பிறகு வலது கால், கட்டை விரலை வைத்துப் பத்து வரை எண்ணினேன். எதிலும் குழி விழவில்லை. டேப்பைச் சுற்றினேன், இரண்டும் ஒரே அளவு. காலுறையை மாட்டி, அதன் மேல் அந்தக் கொலுசை நானே பூட்டிவிட்டேன். இறுக்குதா என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள்.

"அப்ப நடங்க ஆச்சி" என்றேன்.